ஆறாவது பெட்டி

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கேட்ட தகவலை முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். அது ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டதென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். அரசுப் பணியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், இந்த இரண்டாவது பிரிவை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன். எங்கள் அக்காவுக்காக. கேட்டது, ஒரு பழைய வங்காளக் காதல் படத்தின் கடைசிப் பகுதி.

அக்காவின் இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் சிரிக்கலாம். நானே சிரித்திருப்பேன்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. அம்மா தைத்தார், அக்கா டியூஷன் எடுத்தார். என் பள்ளிப் படிப்பு அந்த டியூஷனில் நடந்தது. பிறகு உதவித்தொகை பெற்று அண்ணாமலை நகரில் எம்.ஏ. சேர்ந்தார். அங்கே மாணவர் திரைப்படச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். நான் பள்ளி முடித்து, சிதம்பரத்தில் ஒரு லாரி பார்சல் கம்பெனியில் எழுத்தராக உட்கார்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். விதிமுறைகள் மனப்பாடம்.

சங்கத்துக்கு அந்தப் படம் தகரப் பெட்டிகளில் வந்தது. ரசீதில் ஐந்து; லாரியிலிருந்து இறங்கியது ஆறு. பெட்டிகளை எடுக்க அக்காவே ரிக்‌ஷாவில் வந்தார்.

“அஞ்சுதான் குடுக்க முடியும். ஆறாவதுக்குப் பேப்பர் இல்ல.”

“டேய், படமே ஆறு பெட்டிடா. அனுப்புனவன் தப்பா எழுதிட்டான். மேலயே நம்பர் போட்டிருக்கு பாரு.”

“ரசீத திருத்தி வாங்கிட்டு வா. ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“நான் உன் அக்காடா!”

“அதனாலதான் இன்னும் ஜாஸ்தி கண்டிப்பா இருக்கணும்.”

“வாம்மா போவலாம்,” என்றார் ரிக்‌ஷாக்காரர். “தம்பி கலெக்டர் ஆனப்புறம் வந்து வாங்கிக்கலாம்.”

அன்று மாலை படம் பார்க்க அக்கா என்னையும் உள்ளே விட்டார். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ஒரு பெண். அங்கே பிழை திருத்தும் ஓர் இளைஞன். சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கிறார்கள். கடைசியில் வீட்டார் பார்த்த மாப்பிள்ளையின் ஊருக்குப் போக அவள் ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஒரு கால் படகில், ஒரு கால் படியில். பின்னாலிருந்து அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

ஐந்தாவது பெட்டி அங்கே தீர்ந்தது. திரை வெளுத்தது. அரங்கமே கத்தியது. அக்கா மட்டும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திருத்திய ரசீது மறுநாள் வந்தது. அதற்குள் மற்ற ஐந்தும் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருந்தன. ஆறாவதும் பின்னாலேயே போய்விட்டது.

அக்கா கடலூரில் ஒரு பள்ளியின் நூலகராகி, அங்கேயே ஓய்வு பெற்றார். அட்டை தொலைத்த பிள்ளைகளுக்கும் புத்தகம் கொடுப்பார். “ரூலு என் தம்பிகிட்ட இருக்கு. புத்தகம் இங்க இருக்கு, எடுத்துட்டுப் போ,” என்பார். வீட்டில் பார்த்துக் கட்டிவைத்த மச்சானை எதிரில் வைத்துக்கொண்டே, “அவ படகுல ஏறாம திரும்பிட்டான்னு தெரிஞ்சிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்,” என்பார். மச்சான் என் பக்கம் திரும்பி, “உனக்குத்தான்டா நான் நன்றி சொல்லணும்,” என்பார். எல்லோரும் சிரிப்போம். நான் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பேன்.

சிறுநீரகம் கெட்டு, இனி மாதக்கணக்குதான் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அக்கா கேட்டது அந்தப் படத்தைத்தான். அவர் மகள் ஸ்டெல்லா செல்போனில் தேடினாள். படம் கிடைத்தது, பாதி அழிந்த பிரதி, ஆற்றங்கரைக்கு முன்பே நின்றுபோனது. கதை எழுதியிருந்த பக்கத்தை எடுத்து நீட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். “படிக்கணும்னா லைப்ரரிலயே படிச்சிருப்பேன். எனக்குப் பாக்கணும்.”

பழைய படங்களைப் பாதுகாக்கும் ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன்: முழுப் பிரதி உள்ளதா, எங்கே பார்க்கலாம். மருத்துவச் சான்றிதழை இணைத்தேன்.

“மாமா, சினிமா பாக்கறதுக்கு யாராச்சும் டாக்டர் சர்டிபிகேட் வெப்பாங்களா?” என்றாள் ஸ்டெல்லா.

“உயிர் சம்பந்தப்பட்டதும்மா.”

அவளே உறையில் தபால்தலை ஒட்டினாள்.

நாற்பத்தெட்டு மணி நேரம் போயிற்று. முப்பது நாளும் போயிற்று. மேல்முறையீடு எழுதினேன். தினமும் தெருமுனையில் தபால்காரரை மறித்தேன். “சார், வந்தா உங்ககிட்ட குடுக்காம என் வீட்டுக்கா எடுத்துட்டுப் போவப்போறேன்?” என்றார். அவர் போன பிறகும் அங்கேயே நிற்பேன்.

கடைசி நாளில் அக்கா கேட்டார்: “பெட்டிய குடுக்கறியாடா?”

ஏதாவது ஒரு முடிவைச் சொல்லிவிடும்படி ஸ்டெல்லா சைகை காட்டினாள். ஆவணம் இல்லாமல் நான் எதையும் உறுதி செய்ததில்லை. “இன்னும் பதில் வரலக்கா,” என்றேன்.

“அப்ப அவ இன்னும் ஒரு கால வெச்சிக்கினு நிக்கறா, பாவம்,” என்று சிரித்தார்.

முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்கள், வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தை, கல்லறை வரை உடன் நடந்தவர்கள், நாங்கள் கேட்காமலே அடுப்பேற்றிச் சோறு வடித்த பக்கத்து வீட்டார், அந்தத் தபால்காரர் – அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களில் யாரேனும் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருந்தால், தயவுசெய்து முடிவை என்னிடம் சொல்ல வேண்டாம். ஆறாவது பெட்டியும் சேர்த்து முழுப் பிரதி பத்திரமாக உள்ளது, விண்ணப்பதாரர் நேரில் வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. விண்ணப்பதாரர் நான்தான். பதினொரு மாதமாகப் பயணப் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறேன், இன்னும் போகவில்லை.

அந்தக் கடிதமும் சரியாக முப்பதாம் நாள்தான் வந்தது: அக்காவின் முப்பதாம் நாள் பூசையன்று.