சாந்தமேரி ‘செட்டில்’ என்று சொன்னால்

என் அம்மா சாந்தமேரி, மலேசியாவில் கிள்ளான் நகரில் ஒரு தனியார் கிளினிக்கின் முன் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். பிப்ரவரியில் இறந்துபோனார். நான் ரயில் சிக்னல் பழுதுபார்ப்பவன், எழுதிப் பழக்கமில்லை. அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் வாயில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல்தான் முதலில் வருகிறது. செட்டில்.

திருச்சியில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கு இந்தச் சொல் ஒருவருக்கு வேலையும் வீடும் அமைந்துவிட்டதைக் குறிக்கும். எங்கள் ஊரில் குழம்பிக் கிடந்த எது சரியானாலும் செட்டில். அடைத்துக்கொண்ட சிங்க், தொலைந்துபோன அடையாள அட்டை, முறைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சீனரும் மலாய்க்காரரும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

அம்மா அதை அவ்வளவு லேசில் சொல்லமாட்டார். ஒரு விஷயம் முடிந்து, யாரும் திரும்பக் கவுண்டருக்கு வந்து கேட்காமல் இருந்தால்தான் சொல்வார். “செட்டில் பண்ணிடறேன், மம்மி” என்று நான் சொன்னால், “பண்ணிட்டு வந்து சொல்லு லா” என்பார்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக்கில் நாற்பது பேர் நிற்பார்கள். யார் முதலில் வந்தது என்று அம்மா கேட்டதில்லை. “யாரால காத்திருக்க முடியாது?” என்பார். இரண்டு பேர் கை தூக்குவார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்ப்பார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். சத்தம் அடங்கும். எந்தப் பழுது காத்திருக்காது என்று பார்க்கும் இதையே எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் ஆறு மாதம் பாடமாக நடத்தினார்கள்.

தங்கை கேரனின் கல்யாண நாளைத்தான் சொல்ல வேண்டும். 2019, ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்குத் தேவாலயத்தில் பூசை, பிறகு எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் மதிய விருந்து. இருநூற்றைம்பது பேர். காலை ஏழரைக்கு அப்பாவும் அம்மாவும் நானும் மேசைகளைப் பார்க்கப் போனோம். வாசலில் வேறு யாரோ மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் கன்னையா. அவர் அறைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். ஒன்று முகூர்த்த நாள் போட்டது, மற்றது தேவாலயம் கொடுத்தது. வருகிறவர்கள் எதைப் பார்த்து நாள் சொல்கிறார்களோ அதில் வட்டம் போடுவார். பிறகு மற்றதிலும் போடுவார். அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் இரண்டு தடவையும் இரண்டாவது வட்டத்தை மறந்துவிட்டார். தோரணம் கட்டியவர் வாசு. அவர் மகள் ஷாமினிக்கு அன்று பரிசம். நூற்றெண்பது பேர்.

“நாங்க ஆறு மாசத்துக்கு முன்னயே புக் பண்ணிட்டோம், பாஸ்!” என்றார் அப்பா செபாஸ்டியன்.

“நாங்க மட்டும் என்ன, நேத்தா வந்தோம்?” என்று வாசு ஏணியிலிருந்தே கேட்டார்.

“அலாமாக்! தப்பு என்மேலதான். ரெண்டு பேரும் என்னையே திட்டிக்குங்க,” என்றார் கன்னையா.

“உங்களை அப்புறம் திட்டறோம், கன்னையா அண்ணே,” என்றார் அம்மா. “இப்ப நேரமில்ல. நாற்காலி எத்தனை இருக்கு?”

“முந்நூறு.”

அம்மா வாசுவின் மனைவியிடம் திரும்பினார். “உங்க பேரு என்னம்மா?”

“புஷ்பவல்லி, அக்கா. முகூர்த்தம் பத்தரைல இருந்து பன்னிரண்டு. அதை மாத்த முடியாது.”

“யாரு மாத்தச் சொன்னா? எங்க ஃபாதரையும் மாத்த முடியாது. பூசை முடிஞ்சு, போட்டோ எடுத்து, நாங்க வரவே பன்னிரண்டரை ஆயிடும். அதுவரைக்கும் ஹால் உங்களுது.”

“மேரி!” என்றார் அப்பா.

“நீங்க நம்ம சர்ச்சுக்குப் போய் நூத்தைம்பது நாற்காலி கேட்டு லோரியில ஏத்துங்க. கோபத்தோடயே போங்க, சீக்கிரம் ஏத்துவீங்க.”

வாசு சிரித்துவிட்டார். ஏணியிலிருந்து இறங்கினார்.

எங்கள் விருந்துக்குக் கூடுதல் இடமாகப் பக்கத்துப் பூப்பந்துத் திடலில் கூடாரம் போட்டிருந்தோம். புஷ்பவல்லியின் மாமியாருக்குக் கவுச்சி வாடை ஆகாது. எனவே அவர்களுடைய இலைச் சாப்பாடு கூடாரத்துக்குப் போனது. எங்கள் ஆட்டிறைச்சி, பன்னிரண்டு மணிக்குப் பிறகு மண்டபத்துக்குள். அம்மா ஒரு தாளில் நேரத்தை மட்டும் எழுதிக் கன்னையாவிடம் கொடுத்தார்.

“பன்னிரண்டுக்கு ஷாமினி மேடையை விட்டு இறங்கணும். பன்னிரண்டரைக்கு கேரன் ஏறணும். நடுவுல அரை மணி நேரம் உங்க கையில, அண்ணே.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆகாம பாத்துக்குங்க. நான் பூசையில இருப்பேன். போனை எடுக்கமாட்டேன்.”

எடுக்கவும் இல்லை. பூசையில் நான் கன்னையாவுக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். அம்மா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். இத்தனைக்கும் கேரனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மாப்பிள்ளை லியோனலுக்கும் தெரியாது. மணப்பெண் தன் கல்யாண மண்டபத்தில் வேறொரு பெண்ணைப் பார்த்து அழுதால், அந்த நாளை யாராலும் நேராக்க முடியாது. பாட்டு முழுக்க எனக்கு அந்தக் கவலைதான். அம்மா கொஞ்சம் அபஸ்வரமாக, நன்றாகச் சத்தமாகப் பாடினார்.

காரில் ஏறும்போதுதான் கேரனிடம் சொன்னார். கேரன் கண் கலங்கி, “மம்மி, இப்ப என்ன ஆகும்?” என்றாள்.

“தெரியாது,” என்றார் அம்மா. அந்தப் பதிலை அவர் வாயில் நான் கேட்டது அன்றுதான்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வாசலை அடைந்தோம். ஷாமினி மேடையை விட்டு இறங்கியிருந்தாள். தட்டு வரிசை கூடாரத்துக்குப் போயிருந்தது. எங்கள் சமையல்காரர்கள் மூடி திறந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் தாளில் இருந்தபடி. ஆனால் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் மட்டும் போகவில்லை, வாசலில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் வாசு, புஷ்பவல்லி, பட்டுப் புடவையில் ஷாமினி, அவள் மாப்பிள்ளை ஜீவன். பின்னால் இலையை விட்டு எழுந்து வந்த கூட்டம்.

கார்க் கதவு திறந்ததும் தவில் முழங்கியது.

வெள்ளை கவுனில் கேரன் ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு ஷாமினி வந்து கவுனின் வால் மண்ணில் படாமல் தூக்கிக்கொண்டாள். லியோனல் தோளைக் குலுக்கி ஆட ஆரம்பித்தான். கேரன் அழுதாளா சிரித்தாளா, சொல்லத் தெரியவில்லை, ஆடினாள். அப்பா வாசுவின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆடினார். கன்னையா எல்லாருக்கும் முன்னால்.

வாசலிலிருந்து மேடைக்கு இருபது அடி. போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. விருந்து தாமதமாகிக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. ‘செட்டில்’ என்றும் சொல்லவில்லை.

“மம்மி, இதுவும் உங்க ஏற்பாடா?” என்று காதருகே கத்தினேன்.

“இல்லடா, ரயன். எனக்கு இதெல்லாம் தோணாது,” என்று அவரும் கத்தினார். அதற்குள் புஷ்பவல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா கைப்பையை என்மேல் எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.