போட்டோவில் நிற்க ஓர் ஆள்

திருப்பூரில் சட்டையைப் போட்டோ எடுக்கிறவனை யாரும் நல்லவனாக நினைக்க மாட்டார்கள். ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமில் தொங்குகிற டிசைன், கண்ணசந்தால் இன்னொரு கம்பெனியின் கட்டிங் டேபிளுக்குப் போய்விடும். நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் ஆபீஸில் கேமரா போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், கடை கடையாகப் போய் யாருக்கும் தெரியாமல் போட்டோ எடுப்பதைப் பகுதி நேர வேலையாகப் பிடித்தேன்.

மிஸ்டரி ஷாப்பிங் என்று அதற்குப் பெயர். வெளியூர்க் கம்பெனி ஒன்று இணையத்தில் ஆள் சேர்த்தது. வாடிக்கையாளர் போலக் கடைக்குள் போக வேண்டும். வரவேற்றார்களா, கேட்காமலே பில் கொடுத்தார்களா என்று கவனித்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். கூடவே மூன்று போட்டோ: கடையின் முகப்பு, உள்ளே சரக்கு அடுக்கிய ஷெல்ஃப், பில். அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட்டோ தெளிவாக இல்லையென்றால் பணம் கிடையாது. நீ யார் என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டாலும் கிடையாது. மூன்று முறை போட்டோ நிராகரிக்கப்பட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

எனக்கு இரண்டு முறை ஆகியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கணியூரில் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தார்கள். என் சம்பளம் வந்த கையோடு ஊருக்குப் போய்விடும். இந்தப் பணம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது. அதைவிட, நான் ஆங்கிலத்தில் எழுதுவதை எங்கோ ஒருவர் படித்துவிட்டுக் காசு அனுப்புகிறார் என்ற நினைப்பு எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தக் கணக்கு மூடப்படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரன் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே சம்பளம், ஒரே படிப்பு. இந்த வேலையை அவனுக்குச் சொன்னது நான்தான். பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததும் நான்தான். நான் இரண்டு பக்கம் எழுதினால் அவன் நாலு வரி எழுதுவான், அதிலும் பிழை இருக்கும். ஆனால் ஒரு போட்டோகூட அவனுக்குத் திரும்பி வந்ததில்லை. நல்ல வேலைகள் எல்லாம் அவனுக்கே போயின. எனக்குப் பெட்ரோல் பங்க் கழிப்பறைகள் மிஞ்சின. சாயங்காலம் வாட்ச்மேனிடமிருந்து வாங்கியதும் அவன் போன் அதிர்ந்தாலே என் வயிறு எரியும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், எப்படித்தான் எடுக்கிறாய் என்று கேட்டேன். டீக்கடையில் வைத்துக் காட்டினான். எல்லா ஷெல்ஃப் போட்டோவிலும் ஓரத்தில் ஒரு பெண்ணின் தோள், பாதிப் பின்னல், கொஞ்சம் மல்லிகை. தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"இவள நிக்க வச்சு எடுக்குறேன் மாப்ள. புதுப் பொண்டாட்டியப் போட்டோ எடுக்குறவன எவன் வந்து தடுப்பான்? நீ ஒத்தையா போயி சட்டைய எடுத்தா, திருட்டுப் பயன்னுதான் நினைப்பான்."

ஒரு படத்தில் அவள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அண்ணே என்று கூப்பிடுகிற பெண். அவள்மேல் எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அப்படி யாராவது ஒருவர் என் போனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்களா என்றுதான் யோசித்தேன். அன்றைக்கு டீக்கு அவன் காசு கொடுத்தது கூடப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு துணிக்கடை வந்தது. கம்பெனி செலவில் ஒரு சட்டையும் வாங்கிக்கொள்ளலாம். முதல் நாள் சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிய கூட்டம் கடையை நிறைத்திருந்தது. அந்த நெரிசலில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பி ஷெல்ஃபுக்கு நேராகப் போனை உயர்த்தினேன். தோளில் ஒரு கை விழுந்தது. கடையின் சூப்பர்வைசர்.

"ஏனுங்க தம்பி, எந்தக் கம்பெனிங்க நீங்க?"

கஸ்டமர் என்றேன்.

"கஸ்டமரு சட்டைய வாங்குவாருங்க. படம் எதுக்குங்க புடிக்கறாரு? போனக் குடுங்க கண்ணு, அழிச்சுப்போட்டுத் தந்தர்றனுங்க."

அத்தனை மரியாதையாகப் போனைப் பிடுங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் வேலை ரத்து. படத்தை அழித்தால் மூன்றாவது நிராகரிப்பு. வாயில் வந்ததைச் சொன்னேன். மச்சானுக்குச் சட்டை எடுக்க வேண்டும், தங்கச்சியிடம் காட்டத்தான் படம் எடுத்தேன் என்றேன். அப்படியென்றால் தங்கச்சியை வரச் சொல்லுங்கள் என்று, படத்தை அழிக்காமல் போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழைக்க ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். போனில் நான் சொன்னது அரைகுறைதான். ஆனால் அவள் உள்ளே நுழைந்த வேகத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, கட்டம் போட்டது வேணாம்னுதான சொல்லி விட்டேன்? இவருக்குப் போட்டா கைலிய மேல சுத்துன மாதிரி இருக்கும்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று குளிர்பானம் வரவழைத்தார். அவள் ஷெல்ஃப் ஓரத்தில் போய் நின்றாள். அவன் என் போனை வாங்கிப் படம் எடுத்தான். அவன் எடுத்தது என்பதால் தெளிவாக வந்தது.

அனுப்பிய மறுநாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். உங்கள் படத்தில் இருக்கும் பெண் இன்னொருவரின் படங்களிலும் இருக்கிறார், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையது என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நானும் அவனும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யோசித்தோம். தங்கச்சியோடு போய்ச் சட்டை வாங்கியதாக ஏற்கெனவே அறிக்கையில் எழுதியிருந்தேன். இனி மாற்றிச் சொன்னால் பொய்யென்று ஆகிவிடும். தங்கச்சி என்றே போடச் சொன்னான். அவள் என்னை அண்ணே என்றுதானே கூப்பிடுகிறாள் என்றான்.

பதில் வந்தது. என் போட்டோ ஏற்கப்பட்டது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்குத்தான் இருக்கலாமாம். பிறகு திறந்ததை மூடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பிறகு திறந்தது அவனுடையது.

அவன் கோபப்படுவான் என்று தயாராக இருந்தேன். "நெசமாவே மச்சானாக்கிப்புட்டானுகளே" என்று சிரித்தான். டவுன் பஸ்ஸில் அறைக்குத் திரும்பும்போது, நியாயமாகப் பார்த்தால் நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, முந்தின நாள் மனைவியோடு அதே துணிக்கடைக்குப் போனதாக ஆபீஸில் சொன்னான். இனிமேல் காசு வராதே, எதற்குப் போனாய் என்றேன்.

"காசுக்கா போனோம்? அவளுக்குக் கடை சுத்தணும். எனக்கு அவளப் படம் புடிக்கணும். நடுவுல அந்தக் கம்பெனிக்காரன் காசு குடுத்தான், வாங்கிக்கிட்டோம்."

நான் ஃபைலைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். கணக்கு என் கையில் இருந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

அவனுக்குப் போக வேண்டிய வேலைகள் எனக்கு வரத் தொடங்கின. முதலில் வந்தது ஒரு ஏசி ஓட்டலில் இரவுச் சாப்பாடு. இருவருக்கான பில் பணத்தைக் கம்பெனியே கொடுத்துவிடும். மேசையில் இரண்டு தட்டும் தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும். இரண்டு பேருக்குச் சொன்னேன். தட்டுகளோடு வந்த சர்வர் எதிர் நாற்காலியைப் பார்த்துத் தயங்கினார்.

"இன்னொருத்தரு வரட்டுங்களா, இல்ல இப்பவே வெச்சரட்டுங்களா?"

"வெச்சிருங்க. வந்துட்டு இருக்காங்க."

அவர் எதிர்ப்பக்கத்துத் தட்டை நேராக நகர்த்தி, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். நான் போனை எடுத்தேன். இந்த முறை என்னை யாரும் தடுக்கவில்லை.