மெயின் போர்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

1. வாசலில் கேட்டது

"தம்பி, சின்ன டார்ச்சு இல்லையா? அது போதுமே" என்று அந்த அம்மா வாசலில் வைத்தே கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குறுகலான தெரு. தொண்ணூறுகளின் தொடக்கம். ஐப்பசி மழை ஓய்ந்த சாயங்காலம். தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் கரண்ட் இருந்தது, அந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. நான் ராஜபாளையத்துக்காரன், ஹவுஸ் வயரிங் செய்கிற வயர்மேன். பக்கத்துத் தெருவில் ஒரு புது வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா குடைகூடப் பிடிக்காமல் ஓடிவந்து, "பொண்ணு பாக்க வந்துருக்காக. வந்த நேரம் பாத்து கரண்டு போயிருச்சு. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்று கெஞ்சினார்.

பையில் சின்ன டார்ச் இருக்கத்தான் செய்தது. ஆனால் என் கையில் புத்தம் புது எமர்ஜென்சி லைட் இருந்தது. அதை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "சின்னது எதுக்குக்கா, இதப் பாருங்க, வீடே பகலாயிரும்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. கரண்ட் போன கவலை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

2. என் லைட் பெருமை

நடந்ததைச் சொல்வதற்கு முன் லைட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். "வீட்டுக்கு எது வாங்கலாம்?" என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் டார்ச் வாங்கப் போனால் முதல் கேள்வியே, "எம்புட்டு தூரம் அடிக்கும்?" என்பதுதான். கடைக்காரரும் வாசலுக்கு வந்து எதிர் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் அடித்துக் காட்டுவார். வட்டம் பளிச்சென்று விழுந்தால் வியாபாரம் முடிந்தது. தோப்புக்கும் கிணற்றடிக்கும் போகிறவர்களுக்கு அது சரி. வீட்டுக்குள் பரண், கிரைண்டர் பெல்ட், ஃப்யூஸ் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே அந்த டார்ச்சை அடித்தால் நடுவில் கண் கூசும், ஓரமெல்லாம் இருட்டாகக் கிடக்கும். அதோடு ஒரு கை அதைப் பிடிப்பதற்கே போய்விடும். நாங்கள் வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்ப்போம், எச்சில் ஒழுகும்.

அடுத்தது ஹேண்ட் லேம்ப். கம்பிக் கூட்டுக்குள் பல்பு, தலையில் ஒரு கொக்கி. மாட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போன வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால்தான் எமர்ஜென்சி லைட் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே சார்ஜ் ஏறுகிற பேட்டரி, முன்னால் இரண்டு குட்டி டியூப், மேலே கைப்பிடி. ஆணியில் மாட்டலாம், தரையில் வைக்கலாம், தூக்கிக்கொண்டு நடக்கலாம். ராஜபாளையத்து வயர்மேன்களில் முதலில் வாங்கியது நான்தான் என்று டீக்கடையில் பேசிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எந்த வேலைக்குப் போனாலும், தேவை இருக்கிறதோ இல்லையோ, அது என் கூடவே வரும்.

3. உள் அறை

அந்த வீட்டின் முன்கூடம் பின்னாளில் எடுத்துக் கட்டியது. அதனால் பழைய மெயின் போர்டு உள் அறைக்குள் மாட்டிக்கொண்டது. கூடத்தில் ஒரு அரிக்கேன் விளக்கு எரிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஓரமாக நின்றார். உள் அறை வாசலில் ஒரு சேலைத் திரை தொங்கியது.

நான் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், போர்டுக்குப் பக்கத்து ஆணியில் லைட்டை மாட்டி இரண்டு டியூபையும் போட்டேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து திரையை இழுத்து மூடப் பார்த்தார்.

"இருக்கட்டும்க்கா, கூடத்துக்கும் வெளிச்சம் வரட்டும்ல" என்று நான் அதை மறுபடி ஒதுக்கி, ஜன்னல் கம்பியில் முடிச்சும் போட்டேன். உபகாரம் செய்கிறேனாம்.

ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிப் பார்த்தேன், கம்பி நன்றாக இருந்தது. டெஸ்டரை வைத்தேன், உள்ளே வருகிற வயரிலேயே கரண்ட் இல்லை. போஸ்ட்டில்தான் கோளாறு. அதை நான் தொடக்கூடாது, ஈபி ஆள் வர வேண்டும். மழை நாளில் காலையில்தான் வருவார்கள். இதைச் சொன்னேன். அதோடு லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் போதும்.

அதற்குள் தாய்மாமன் எழுந்து வந்துவிட்டார். வத்திராயிருப்புப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர். "என்ன லைட்டு தம்பி இது? பட்டப்பகலாட்டம் இருக்கு! எம்புட்டு நேரம் நிக்கும்?" என்றார்.

கேட்டதுதான் தாமதம், நான் கடைக்காரனாகவே மாறிவிட்டேன். "ஒரு டியூப் மட்டும் போட்டா ரொம்ப நேரம் நிக்கும் மாமா. மாடு கண்ணு போடுறப்ப தொழுவத்துல மாட்டலாம், அடுப்படியில வைக்கலாம். தூக்கிப் பாருங்க, கனமே இல்ல" என்று ஆணியிலிருந்து கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் விலை பார்க்கிறவர் போல அதைத் தூக்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வெளிச்சம், அதுவரை இருட்டாகக் கிடந்த மூலைக்குப் போனது.

அங்கே சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு ஏதோ அடுக்கி, மேலே ஜமுக்காளம் போர்த்தியிருந்தது. ஒரு பக்கம் ஜமுக்காளம் சரிந்து, ஒட்டி முடித்த தீப்பெட்டிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. தரையில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசைச் சட்டி. அதன் பக்கத்தில் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டு பெண் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டது. அதற்கு முன்பே விரல் நகங்களில் காய்ந்திருந்த பசையை நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார்.

தாய்மாமன் லைட்டைக் கீழே வைத்தார். கூடத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, மில்லுல மேஸ்திரியா இருக்கேன்னுல்ல சொன்னீக?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பெண்ணின் அப்பா உள் அறை வாசல் வரை வந்து நின்றார். "மில்லு பூட்டியிருக்கு. தொறந்துருவாகன்னு சொல்லுதாக..." என்று இழுத்தார்.

எங்கள் ஜில்லாவில் தீப்பெட்டி ஒட்டாத தெரு உண்டா? அந்த வேலையில் என்ன கேவலம்? மில் திறக்கும் வரை தாக்குப்பிடிக்க வீடே உட்கார்ந்து ஒட்டியிருக்கிறது. அதை அவர்களே ஒரு நல்ல நேரம் பார்த்து, தங்கள் வாயால் சொல்லியிருப்பார்கள். நான் டியூப் லைட் போட்டு, தூக்கிப் பாருங்கள் என்று கையில் வேறு கொடுத்துக் காட்டிவிட்டேன். அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு கூசியது. ஸ்க்ரூடிரைவரையும் டெஸ்டரையும் எடுத்துப் பையில் போட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியை வாயில் வைக்கவில்லை. "போயி லெட்டர் போடுதோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

4. அதற்குப் பிறகு

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளே, வீட்டு வேலைக்கு லைட் வாங்கினால் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும், ஒரு பக்கமாக மறைக்கவும் முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைக்கும் வேலைக்கும் நடுவே விழுகிற வெளிச்சம் போதும். மற்றது வீட்டுக்காரர்களுடையது. வீட்டுப் பெண்கள் சின்ன டார்ச் போதும் என்றால் சின்ன டார்ச்சை எடுங்கள். ஏன் என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அன்று அவர்கள் போன பிறகும் எனக்குக் கிளம்பத் தெரியவில்லை. "அக்கா, நான் தெரியாம..." என்று வாயெடுத்தேன்.

பெண்ணின் அப்பா தடுத்துவிட்டார். "ஒங்க மேல என்ன தம்பி இருக்கு? பொய் சொன்னது நான்தான" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. லைட்டை அணைக்கக் குனிந்தேன்.

"அண்ணே, அமத்தாதீக" என்றது அந்தப் பெண். அதற்குள் பட்டுச் சேலையை மாற்றி, தலையில் பூவோடு, பசைச் சட்டியை முன்னால் இழுத்து வைத்திருந்தது. "காலையில ஏஜெண்டு பெட்டி எடுக்க வருவாரு. இவுக வாராகன்னு மத்தியானத்துல இருந்து ஒண்ணும் ஒட்டல. கரண்டும் நாளைக்குத்தான வரும்? இன்னைக்கு ஒரு ராத்திரி லைட்ட இங்கயே வச்சிட்டுப் போங்க."

நான் ஒரு டியூபை அணைத்தேன். மீதி ஒன்று விடிய விடிய நிற்க வேண்டுமே.

"நல்லா இந்தப் பக்கமாத் திருப்பி வைங்கண்ணே" என்றது. "இனிமே யாரு பாத்தா என்ன?"

அழுது சொன்னாலாவது தாங்கியிருப்பேன். காகிதத்தில் பசை தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். லைட்டை அவர்கள் கைகளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தேன்.