மொகோசி பிடித்த கயிறு

மொகோசியின் மாவு மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அதனால் சந்தைச் சாலையில் அவளிடம் பேச வருகிறவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கத்தல் ஓயாது. மக்காச்சோளம் அரைத்து அரைத்து அவள் புருவமும் இமையும் எப்போதும் வெளுத்தே இருக்கும். பெல்ட் அறுந்தால் யாரையும் கூப்பிட மாட்டாள், தானே மாட்டிவிடுவாள். ஒருமுறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவனைச் சாலை முனைவரை விரட்டிப் பிடித்து, மூட்டையை அவன் தலையிலேயே சுமக்க வைத்துத் திருப்பிக் கூட்டி வந்தவள் அவள்.

அப்படிப்பட்டவள் நாயைக் கண்டால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். நாய் அங்கேயும் வந்தால் அப்படியே நின்றுவிடுவாள். உதடு வெளிறிவிடும். ஊருக்கு அது தெரியும். சிரிப்பார்கள், ஆனால் அவள் முகத்துக்கு நேரே சிரிக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

பக்கத்து வீட்டு வெய்சிகோவின் நாய் தானியக் குதிருக்கு அடியில் குட்டி போட்டது மழை விட்ட சமயத்தில். அன்றிலிருந்து மொகோசியின் பிள்ளைகள் இரண்டும் வீட்டில் தங்கவில்லை. மூத்தவள் நியாங்கி பள்ளி விட்டதும் நேரே குதிருக்குத்தான் போவாள். தம்பி வெரேமா பள்ளிக்குப் போகும்போதே போய்விடுவான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. வெள்ளைக் காலு இருக்கே, அது மட்டும்" என்றாள் நியாங்கி ஒரு நாள் சாப்பிடும்போது.

"வெள்ளைக் காலும் வேண்டாம், கறுப்புக் காலும் வேண்டாம்."

"அது எங்கிட்டதாம்மா ஓடி வருது."

"பசிச்சா யார்கிட்ட வேணா ஓடி வரும்."

மொகோசியின் கணவன் மஹெண்டே மக்காச்சோளக் களியான உகாலியை உருட்டிக் குழம்பில் தோய்த்தபடி பிள்ளைகள் பக்கம் சாய்ந்தான். அவன் சந்தைக்கும் ஊருக்கும் ஆளேற்றி மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன். வீட்டுப் பின்னால் சில மாடுகளும் உண்டு.

"பட்டிப் பக்கம் கழுதைப்புலி வந்து சுத்துது. ஒரு நாய் இருந்தா ஒரு குரலாவது குடுக்கும்ல?"

"நீங்களே குடுங்க குரலு. உங்க குறட்டைக்கே கழுதைப்புலி காட்டுக்குத் திரும்பி ஓடிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். வெரேமா அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு முன்னேறப் பார்த்தான். "நான் என் உகாலில பாதி போடுவேம்மா."

"உன் உகாலில பாதியத்தான் இப்பவே ஆடு திங்குதே. மிச்சத்த நாய்க்குப் போட்டா நீ என்ன, காத்தையா திம்ப?"

"அம்மா, நான் குளிப்பாட்டுவேன். கட்டி வைப்பேன். கோழிகிட்டப் போகாம பாத்துக்குவேன். பெரியவங்க காலை நக்காம..." நியாங்கி அடுக்கிக்கொண்டே போனாள்.

மொகோசி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். பாதி மீன் தட்டில் கிடந்தது.

மஹெண்டே பின்னாலேயே வந்தான். அவள் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிரு மொகோசி. புள்ளைங்க நீ கல்நெஞ்சுக்காரின்னு நெனைக்குதுங்க."

"நெனைச்சிட்டுப் போகட்டும்."

"எத்தன நாளைக்கு?"

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

சொல்லாமல் வைத்திருந்தது அவளுடைய அண்ணனைப் பற்றி. மகீகே என்று பேர். அவளுக்கு நியாங்கி வயதிருக்கும்போது, மாடு மேய்க்கப் போன இடத்தில், எங்கிருந்தோ வந்த ஒரு நாய் அவன் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடிப்போனது. அப்பாவும் பெரியப்பாக்களும் ஈட்டியோடு தேடியும் அது அகப்படவில்லை. கடிவாயில் இலை அரைத்துக் கட்டினார்கள். புண் ஆறியது. எல்லோரும் மறந்தும் போனார்கள். அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு காலை, கால் மரத்துப்போகிறது என்றான். மறுநாள் காய்ச்சல். அவன் தாகம் தாகம் என்றதும் சின்னத் தங்கை மொகோசிதான் சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டு போனாள். குடுவையைப் பார்த்ததும் அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. கண் சுழன்றது. அவளைக் கண்டு பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். தன்னைத்தான் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை என்று அந்தச் சிறுமி நினைத்துக்கொண்டாள். பெரியவர்கள் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு அவனை அவள் உயிரோடு பார்க்கவில்லை.

வளர்ந்தபின் அது வெறிநாய்க்கடி என்று தெரிந்தது. தெரிந்தாலும் உடம்புக்குள் போன பயம் போகவில்லை. பிறந்த வீட்டில் அவன் பேரை யாரும் எடுப்பதில்லை. இவளும் எடுத்ததில்லை.

குட்டிகள் குதிருக்கடியிலிருந்து வெளியே வந்து உருளத் தொடங்கியிருந்தன. அந்த வாரம் ஒரு வண்டி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது. பள்ளி மைதானத்தில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள், இலவசம், எல்லோரும் ஓட்டி வாருங்கள் என்றது. மில் சத்தத்தில் மொகோசியின் காதில் பாதிதான் விழுந்தது. நாய் என்ற சொல் விழுந்ததும் மீதியை அவள் கேட்க விரும்பவில்லை.

ஊசி போடும் நாள் காலையில் மில்லுக்கு ஆளே வரவில்லை. மூட்டைகள் வரிசையாக நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. என்ன ஊரே காலியாகிவிட்டதா என்று அவள் வாசலில் வந்து நின்றபோது வெய்சிகோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெள்ள நடந்து வந்தாள்.

"ஏ நியாங்கியம்மா! பொண்ணா பெத்து வச்சிருக்க, தங்கம்! என் முட்டி அவ்வளவு தூரம் நடக்குமா? அவளே எங்க நாயக் கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டா. சின்னவன் குட்டிங்கள அள்ளி வாளியில போட்டுத் தலைல தூக்கிட்டுப் போறான்!"

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. ஊரு நாய் பூரா அங்கதான இருக்கு."

மொகோசி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். கதவைப் பூட்டவில்லை. மாவு படிந்த துணியோடு அப்படியே ஓடினாள். ஊரிலுள்ள நாயெல்லாம் ஒரே இடத்தில், அதற்கு நடுவில் தன் பிள்ளைகள் இரண்டும். வழியெல்லாம் புழுதியில் பாதத் தடம், நாயுடையதும் பிள்ளைகளுடையதும் பின்னிக் கிடந்தன. குரைப்பும் ஓலமும் கேட்கும், பிள்ளைகள் அலறிக்கொண்டு சிதறி ஓடும் என்று நினைத்தபடியே மேட்டில் ஏறினாள்.

ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போய், வளைந்து, கம்பத்தைச் சுற்றி, மாமரத்துக்குக் கீழே போய் முடிந்தது ஒரு வரிசை. அத்தனையும் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நாய். கற்றாழை நாரில் கட்டிய நாய், கிழிந்த துணியில் கட்டிய நாய், சைக்கிள் டியூபில் கட்டிய நாய், மாட்டுச் சங்கிலியில் கட்டிய நாய். கயிறு கிடைக்காதவன் தன் சட்டையைக் கழற்றி நாயின் கழுத்தில் சுற்றிப் பிடித்திருந்தான். கூடைக்குள்ளும் சாக்குக்குள்ளும் தலைகள் எட்டிப் பார்த்தன. சைக்கிள் கேரியரில் ஒரு கிழட்டு நாய் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. காட்டோரம் தூரத்துக் குடிசைகளிலிருந்து வெயில் ஏறுமுன்பே கிளம்பி நடந்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்கள் காலெல்லாம் முழங்கால்வரை சிவந்த புழுதி.

சத்தம் இல்லாமலில்லை. குரைத்தன, உறுமின. ஆனால் ஒன்று துள்ளினால் அதைப் பிடித்திருக்கும் பிள்ளை அதன் காதில் ஏதோ சொல்லும். அது அடங்கும். எதிரெதிரே முறைத்தவற்றைத் திருப்பி வேறு பக்கம் பார்க்க வைத்தார்கள். பெரியவர் யாரும் அதட்டவில்லை. யார் இதையெல்லாம் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? மொகோசிக்கு விளங்கவில்லை. பிள்ளைகளைக் கத்திக் கூப்பிட வந்தவளின் குரல், கோயிலுக்குள் நுழைந்தவள் மாதிரி, தானாக அடங்கிவிட்டது.

வரிசையின் நடுவில் நியாங்கி இருந்தாள். வெய்சிகோவின் நாயை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, அது பயப்படாமல் இருக்க இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். வாளியை அணைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் வாடிவிட்டது.

"அடிக்காதம்மா. ஊசி போட்டதும் வந்துருவோம்."

மொகோசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமரத்தடியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"அக்கா! வெறுங்கையா நிக்கிறீங்கல்ல, நீங்கதான். கொஞ்சம் வாங்க!"

ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளம்பெண் கையில் ஊசியோடு நின்றிருந்தாள். அவள் முன்னால், பட்டியில் காவல் கிடக்கும் பெரிய நாய் ஒன்று, ஒரு காது கிழிந்தது, நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. அதன் கயிற்றைப் பிடித்திருந்த சின்னப் பெண் அதன் உயரம்கூட இல்லை. கயிறு உள்ளங்கையை அறுக்க அழுதுகொண்டிருந்தாள், விடவில்லை.

"எல்லாரு கையிலயும் ஒரு நாய் இருக்கு. நீங்க கொஞ்சம் கழுத்தப் புடிச்சீங்கன்னா..."

சுற்றிலும் பார்த்தாள் மொகோசி. உண்மைதான். அந்த மைதானத்தில் சும்மா நின்றது அவள் ஒருத்திதான்.

எப்படிப் போனாள் என்று பின்னால் கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடிந்ததில்லை. மாவுக் கை இரண்டும் அந்த நாயின் கழுத்தைச் சுற்றியிருந்தன. கறுப்பு ரோமத்தில் வெள்ளையாக விரல்தடம் விழுந்தது. அதன் விலாவுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் அவள் முழங்கைவரை ஏறியது. இவ்வளவு பெரிய நாய், அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளைப்போலவே.

"ஆச்சு" என்றாள் ஊசிக்காரி.

"ஆச்சா?"

"ஆச்சுக்கா, விட்ருங்க."

"இவ்வளவுதானா?"

ஊசிக்காரி நாயின் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டே சிரித்தாள். "இவ்வளவுதான். வருஷா வருஷம் கூட்டிட்டு வந்தா போதும்."

"அந்த நோயி... இனிமே இதுக்கு வராதா?"

"வராது. ஊர்ல முக்கால்வாசி நாய்க்குப் போட்டுட்டா மிச்சத்துக்கும் அவ்வளவா பயமில்ல. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவ அந்த நோய்க்கு எடமே இருக்காது."

மொகோசி திரும்பி அந்த வரிசையை மறுபடி பார்த்தாள். மூக்கு ஒழுகும் பிள்ளைகள், பித்தான் போன சட்டைகள், அறுந்த கயிறுகள். தன் அப்பாவும் பெரியப்பாக்களும் ஈட்டியை எடுத்துக்கொண்டு நாள் முழுதும் தேடியும் பிடிக்க முடியாமல் போன ஒன்றை, இந்தப் பிள்ளைகள் நார்க்கயிற்றில் கட்டி இழுத்து வந்து அடக்கிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அவள் கன்னத்து மாவில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. துடைத்தாள், அது பசையாக அப்பிக்கொண்டது.

வெரேமாவின் முறை வந்தபோது வாளியிலிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது அவள்தான். வெள்ளைக் கால்காரன் ஊசி படுமுன்பே ஊரைக் கூட்டினான்.

திரும்பும் வழியில் நியாங்கி மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா, உனக்கு நாய்னா பயம்னு ஊர்ல சொல்றாங்க. ஏம்மா?"

மொகோசி நடந்துகொண்டே சொன்னாள். எல்லாவற்றையும், குடுவையைக்கூட மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பயந்துவிடும் என்று நினைத்தாள்.

"அப்போ எங்களுக்கு ஒரு மாமா இருந்தாரா?" என்றான் வெரேமா, கண்ணை அகல விரித்து.

"இருந்தாரு."

"நல்லா மரம் ஏறுவாரா?"

அவள் நின்றாள். இத்தனை வருஷமும் அண்ணனின் கடைசி இரண்டு நாளை மட்டுமே அவள் வைத்திருந்திருக்கிறாள். "ஏறுவான்" என்றாள் யோசித்தபடி. "ஆனா எறங்கத் தெரியாது. மேல ஒக்காந்துகிட்டு எங்கப்பாவக் கூப்பிட்டுக் கத்துவான்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிள்ளைகள் இன்னும் கேட்டார்கள். வீடு வருகிறவரை கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

நாயைப் பற்றி அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மஹெண்டே கேட்கப்போன நியாங்கியைக் கண்ணாலேயே தடுத்தான். அடுத்த சந்தை நாள் காலையில், மில்லுக்குப் போகிற வழியில், மொகோசி வெய்சிகோவின் வாசலில் போய் நின்றாள்.

"என்ன நியாங்கியம்மா, மாவு மில்லு என் வீட்டுக்கே வந்துருச்சா?"

"அந்த வெள்ளைக் காலு இன்னும் இருக்கா?"

வெய்சிகோ குதிருக்கடியில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். மொகோசி அதை இடுப்புத் துணியில் ஏந்திக்கொண்டு, முகத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, வேகமாக வீட்டுக்கு வந்தாள்.

பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னாள். "சோறு வைக்கிறது வெரேமா. கட்டுறது, அவுக்குறது, கோழியக் காப்பாத்துறது நியாங்கி. ஊசிக்குக் கூட்டிட்டுப் போறது நான். அதுல யாரும் தலையிடக் கூடாது. யார் மேலயாவது பல்லு பட்டுச்சுன்னா, கீறலா இருந்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிட்டு அந்த நிமிஷமே எங்கிட்டச் சொல்லணும். நான் அடிக்க மாட்டேன். நேரா ஆஸ்பத்திரிதான்."

"எனக்கு என்ன வேலை?" என்றான் மஹெண்டே.

"நீங்க குறட்டைய நிறுத்துங்க. இனி அதுக்கு ஆள் வந்தாச்சு."

வெரேமா சிங்கம் என்று பேர் வைக்கச் சொன்னான். மஹெண்டே போலீஸ் என்றான். போலீஸ்தான் நிலைத்தது. கோழிக்குப் பயந்து அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் போலீஸ் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான் என்று வெய்சிகோ போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மொகோசி இன்றும் தெரியாத நாயைக் கண்டால் சாலையைக் கடந்துதான் போகிறாள். ஆனால் ஒலிபெருக்கி வண்டி வருகிற வாரம் மில்லுக்கு வருகிறவர்கள் மூட்டையை இறக்குமுன்பே அவள் கத்திக் கேட்பாள்: "உங்க நாய எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" அந்த நாளில் மில் மூடியிருக்கும். போலீஸை நியாங்கியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு, மாமரத்தடியில் ஊசிக்காரிக்குப் பக்கத்தில் நிற்பாள். சின்னப் பிள்ளைகள் பெரிய நாய்களை இழுத்துக்கொண்டு அவளைத் தேடித்தான் வருவார்கள்.