முந்தானையில முடிஞ்ச மாத்திரை

எங்க அம்மா பொடவை ஒண்ணு எங்கிட்ட இருக்குது. முந்தானையில ஒரு முடிச்சு. உள்ள பிபி மாத்திரை. இன்னும் நான் அவுக்கல.

கூட்டேரிப்பட்டு ரோட்டுல பஸ்ஸு நின்னா ஓடி ஓடி அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விக்கும் அம்மா. வேலையில மறந்துடும்னு காலையில எழுந்ததுமே மாத்திரைய முந்தானையில முடிஞ்சுக்கும். கூழு குடிச்சிட்டு அவுத்துப் போட்டுக்கும். ஒரு நாளும் வுட்டதில்ல. கிண்டல் பண்ணா, "உங்கப்பன் கட்டுன தாலிய விட இந்த முடிச்சுதான்டி என்னக் காப்பாத்துது"ன்னு சிரிக்கும்.

பித்தப்பையில கல்லுன்னு திண்டிவனத்துல ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். ஆபரேஷன் அன்னிக்கு பச்சத்தண்ணி கூட கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. அம்மா முடிச்சப் புடிச்சிக்கினே கேட்டுச்சு, "இத மட்டும் போட்டுக்கட்டுங்களா?"

"தண்ணியே கூடாதுன்றேன், மாத்திரை கேக்குறியே." அந்தம்மா திரும்பிக்கூட பாக்கல.

டாக்டரக் கேக்கலாம்னேன். "அவங்கள பேஜாரு பண்ணாத. எழுந்து வந்து போட்டுக்கறேன்"னு சொல்லிட்டு, ஆஸ்பத்திரி கவுன மாட்டிக்கினு, பொடவைய அவுத்து எங்கையில குடுத்துட்டு உள்ள போச்சு.

டாக்டர் வெளிய வந்து சொன்னாரு. "மயக்கத்துல இருக்கும்போது பிபி எகிறிடுச்சு. ரத்தக்குழாய விரிக்கிற மருந்து ஏத்தினோம். சடார்னு எறங்கிடுச்சு. மறுபடி ஏத்த முடியல. ஆமா, காலையில மாத்திரை ஏன் போடல?"

ஏன் போடலயா? அத எங்கிட்ட கேக்குறீங்களே, உள்ள கூட்டிக்கினு போறதுக்கு முன்னாடி நீங்க யாராவது கேட்டீங்களா? மனசுக்குள்ளதான் கேட்டேன். பொடவைய மாருல அணைச்சிக்கினு நின்னேன்.

சாவு வூட்டுல எங்க அத்தை, "பயந்துடுச்சு, அதான் பிபி ஏறிடுச்சு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்துச்சு. லாரிக்கு நடுவுல பூந்து மல்லாட்டை விக்கிற பொம்பள, பயந்துடுச்சாம்.

போன மாசம் எங்க மாமாவுக்கு விழுப்புரத்துல கொடலெறக்கம் ஆபரேஷன். நான்தான் கூடப் போனேன். அங்க டாக்டர் அவரு மாத்திரை அட்டைய வாங்கிப் பாத்தாரு. "சில பிபி மாத்திரைய நிறுத்தணும், இத நிறுத்தக் கூடாது. காலையில ஒரு மொடக்குத் தண்ணில போட்டுக்கோங்க"ன்னாரு. மாமா போட்டுக்கினாரு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் இட்லி கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வெளிய போய் அழுதேன்.

ஒரு மொடக்குத் தண்ணி. எங்க அம்மா கேட்டது அவ்ளோதான்.

மாத்திரை போடாம வுட்டுச்சுன்னு இனிமே யாரு சொன்னாலும் இந்தப் பொடவையக் கொண்டு போய் முன்னாடி வெப்பேன். முடிச்ச அவங்களே அவுக்கட்டும்.