எங்கே என்று கேட்காத வீடு

நம் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். அதனால் உங்கள் அம்மா, "தூரமா கிளம்பிட்டீங்களா?" என்பாள். நான், "பக்கத்துலதான்" என்பேன். ஏழெட்டு வருஷமாகத் தினமும் காலையில் நடக்கப் போகிறேன். எங்களுக்குள் இதற்கு மேல் ஒரு தகவலும் கிடையாது.

எல்லோரும் பூங்காவைச் சுற்றுவார்கள். எனக்கு அந்தப் பேச்சுச் சத்தம் ஆகாது. நாளெல்லாம் தி. நகர் ஜவுளிக்கடையில் கூட்டத்தோடு கத்துகிறவன் நான். அதனால் அடையாறு கடலில் சேருகிற பக்கம், வீடுகள் முடிந்து மணலும் முள்செடியுமாகக் கிடக்கிற இடத்தில் தனியாக நடப்பேன்.

எனக்குக் கால் பிசகிய அன்றைக்கு முதல்நாள் நல்ல மழை. ஈர மணல் சரிந்து, கால் பள்ளத்துக்குள் போய் மடங்கிவிட்டது. ஊன்றவே முடியவில்லை. போனோ வீட்டில் சார்ஜில் இருந்தது. கத்திப் பார்த்தேன், கொக்குகள்தான் பறந்தன. வெயில் ஏறிக்கொண்டே போனது. அம்மா தேடுவாள், சரி. எங்கே என்று தேடுவாள்? கால் வலியைவிட இந்த எரிச்சல்தான் தாங்கவில்லை.

கடைசியில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மீனவர் வந்தார்.

"இன்னா நைனா, இங்க வந்து குந்திகினு கீற?"

"கால் பிசகிடுச்சுப்பா. எழுந்திரிக்க முடியல."

"வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

"சொன்னேன், பக்கத்துலன்னு."

"எதுக்குப் பக்கத்துல? ஆத்துக்கா, கடலுக்கா?"

சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினார். உங்கள் அம்மாவின் நம்பரில் கடைசி நாலு எண் எனக்கு ஞாபகம் வரவில்லை. "நல்லா குடும்பம் நடத்துற போ" என்று தலையில் அடித்துக்கொண்டு, என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து ரோடு வரை கூட்டிவந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வாசலில் நீங்கள் இருவரும் வியர்த்து நின்றீர்கள். பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றினீர்களாம். அம்மா அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"இதைக் காலையிலயே கேட்டிருக்கலாமே!"

"போறப்போ கேக்கக் கூடாது. வந்தப்புறம் கேக்கலாம்."

இவளிடம் என்னத்தைப் பேசுவது! இன்றைக்கும் அவள் கேட்பதில்லை. ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள். தனியாக நடக்கப் போனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்காமலே சொல்லுங்கள். போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா நம்பரை மனப்பாடம் செய்யுங்கள், நானும் செய்துவிட்டேன். சொல்லாமல் செருப்பை மாட்டினால் வாசலிலேயே மறித்து, "எங்கே?" என்று கேட்பேன். சகுனம் கெட்டால் கெடட்டும்.