பச்சிலைக்கு விட்ட பால்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் ரயிலேறிப் பட்டணத்தில் ஒரு பத்திரிகைக்குப் புரூப் பார்க்கப் போய்வந்தேன். எட்டுக் குடித்தனங்கள் கொண்ட எங்கள் வரிசையில் ஆண்களில் பாதிப் பேர் வெல்டர்கள். முகமூடி இல்லாமல் பற்றவைத்தால், மாலைக்குள் கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல் எரியும், இமை திறக்காது.

அதற்கு அங்கே ஒரே வைத்தியம். குழாயடிச் சாக்கடையோரம் களையாக மண்டிக் கிடந்த பொன்னாங்கண்ணியைப் பறித்து, தாய்ப்பால் விட்டு அரைத்து, மூடிய இமைமேல் வைத்துத் துணியால் கட்டுவார்கள். இலை யாருக்கும் கிடைக்கும். பால் கொடுக்க அந்த வருஷம் அக்கா ஒருத்திதான் இருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கிண்ணம் வரும். அக்கா புடவைத் தடுப்புக்குப் பின்னால் போய்த் திரும்புவாள். அவள் குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். பால் போதாமல் அழும். கைகால்கள் மெலிந்துகொண்டே வந்தன. ஆனால் கண் கட்டிக் கிடப்பவன் வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பி அந்த வரிசையில் யாரும் குடியிருக்க முடியாது.

ஒரு மாலை பக்கத்து வீட்டு வெல்டரின் மனைவி கிண்ணத்தோடு வந்தாள். அக்கா முகம் கொடுக்கவில்லை.

"இன்னா தங்கச்சி, மாடு மாரி உன்னையே கறக்குறோம்னு கோவமா? கொஞ்சூண்டு போதும்."

"கன்னுக்குட்டிக்கே இல்லக்கா" என்று சிரித்தபடி அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பும் தடுப்புக்குப் பின்னால்தான். வடித்த கஞ்சியின் தெளிவை அவள் கிண்ணத்தில் ஊற்றுவது, புடவை விலகியிருந்ததில், நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் அந்த மனிதருக்குக் கண் தெளிந்துவிட்டது. எல்லாம் பாலின் மகிமை என்று அவர் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அக்கா குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ இத்தினி நாளு நான் குடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வாரம் கஞ்சித் தெளிவுதான் போயிற்று. குழந்தை கொஞ்சம் தேறியது.

நான்காவது வாரம் எதிர்வீட்டு வெல்டரின் கண்கட்டை அவிழ்த்தபோது ஒரு கண்ணில் சீழ் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரும்புத் துகள் ஒன்றை எடுத்தார்கள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. துகள்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன்.

"கிண்ணத்துல இன்னா இருந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியுமா?" என்றாள்.

அடுத்த கிண்ணம் வந்த மாலை, தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் திரும்ப நேரமாயிற்று. கஞ்சிப் பானை மூடியபடியே இருந்தது. கிண்ணத்தை வாசலில் கொடுத்துவிட்டு வந்து, அழுத குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

"சும்மா தோள்ல போட்டுக்கோ. தூங்கிடும்."

அது தூங்கவில்லை.